அம்மா பார்த்த கார்னிவல்

ரியோவில் கார்னிவல் நாட்களில் மெட்ரோவில் ஏறினால் சிறகுகளுக்கும் இடம் விடவேண்டும். முகமெல்லாம் பொன் பூசிய ஒருவர் தன் இறகுக் கிரீடத்தை, ஒரு சொல் கேட்காமல், என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கோப்பாய் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் மரக்கறிப் பையை நம் மடியில் இறக்குவார்களே, அப்படி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரொறன்ரோக் குளிரில் இருந்தபடி சம்பா நடன மேளங்களின் பெயரெல்லாம் பாடமாக்கி, லீவு எடுத்து வந்தவள் நான்.

ஊர்வலம் தொடங்கியபோது இங்கே இருட்டிவிட்டது, கோப்பாயில் அம்மாவுக்கு விடிகிற நேரம். அவரை வீடியோவில் அழைத்தேன். வீட்டைவிடப் பெரிய அலங்கார வண்டிகள். சுர்டோ என்கிற பெருமேளம் நெஞ்சுக்குள் இடித்தது.

“வடிவாக் கிடக்கே அம்மா?”

“ஓம் பிள்ளை, வடிவுதான். உங்கை நிக்கிற சனத்தை ஒருக்காக் காட்டு.”

சண்டைக் காலத்தில், நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது, ரியூசன் வகுப்புக்குப் போன அண்ணை திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் சந்தியில் கிடந்தது. அதற்குப் பிறகு அம்மா எந்தக் கூட்டத்தையும் சும்மா பார்த்ததில்லை. தேர்த் திருவிழா நேரலையில் சுவாமியைப் பார்க்கமாட்டார், வடம் பிடிக்கிறவர்களைப் பார்ப்பார். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்குப் போனால்தான் நிமிர்வார். அப்போதுதானே கமரா சனத்தைக் காட்டும். உங்களில் சிலரது வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். கனடாவுக்கென்று வெளிக்கிட்ட பெடியள் பலர் பிரேசிலிலேயே நின்றுவிட்டார்கள் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். இந்தப் பயணத்துக்கு அவர் மறுப்பே சொல்லாத காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

கமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். அருகில் நின்ற பெண் சிரித்தபடி என் மணிக்கட்டைப் பிடித்து அதை மறுபடி ஆட்டக்காரர்களின் பக்கம் திருப்பிவிட்டார். “சம்பா! சம்பா!” பாவம், எனக்குப் படம் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். “ஒப்ரிகாடா” என்று நன்றி சொல்லிவிட்டு மீண்டும் கூட்டத்துக்கே திருப்பினேன்.

“நில்! உந்தப் பச்சைச் சேட்டுப் போட்டவன். கம்பியோடை நிக்கிறவன். கிட்டப் போ பிள்ளை.”

இடித்துப் பிடித்துப் போனேன். சோளப்பொரி தின்றுகொண்டிருந்தான். சிரித்தபோது அண்ணையின் கன்னக்குழி.

“அம்மா, இவன் பள்ளிக்கூடப் பெடியன். அண்ணைக்கு இப்ப நரைக்கத் தொடங்கியிருக்குமெல்லே?”

மறுமுனையில் சேவல் கூவியது.

“என்ரை பிள்ளையின்ரை முகம் எனக்குத் தெரியாதே? உவனில்லை. அங்காலை காட்டு.”

அண்ணை அன்று இருந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். என்னைவிட இளையவனாகிவிட்ட அந்த அண்ணையைத்தான் அம்மா இன்னமும் தேடுகிறார். பச்சைச் சேட்டுக்குப் பக்கத்தில் காதோரம் நரைத்த ஒருவர் நின்றார். எங்கள் நிறம். அவர்மேல் கமராவைக் கொஞ்சம் நிறுத்திவைத்தேன்.

“உதிலை ஏன் மினக்கெடுறாய்? தள்ளிப் போ.”

தள்ளினேன். ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டியபடி, கையை உயர்த்தி, வரிசை வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் சுர்டோ இடித்துக்கொண்டே கடந்துபோனது. என் குதிக்கால்கள் மட்டும் அதன் தாளத்தோடு போய்க்கொண்டிருந்தன.