மல்லிகை போட்ட பாட்டு

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டில், "உன் கையிலே மல்லிகை மணக்குதடி" என்று ஒரு பையன் மேடையில் உருகினான். வாயில் வைத்த சோற்றை நான் இலையோரம் துப்பினேன். அது கொழும்புத்துறையில் எங்கள் பக்கத்து வீட்டு அந்தோனியண்ணை கட்டிய பாட்டு. அதில் மல்லிகையே கிடையாது.

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் கடற்படைக்குப் பயந்து கடலுக்குப் போக முடியாத நாட்கள் அதிகம். அண்ணை கவிழ்த்த வள்ளத்தின்மேல் குந்தியிருந்து தகரத்தைத் தட்டிப் பாடுவார். அவர் மனைவி றோசக்கா பக்கத்தில் மீன் கீறி உப்பிடுவார். ஈ மொய்க்கும், குடல் நாறும். நாங்கள் பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

"கருவாடு நாறுதடி உன் கையிலே, அந்தக் கை தந்தால்தான் பசியாறுதடி."

கோயில் பெருநாள் கலைவிழாவின் ஒத்திகையில் அண்ணை இதைப் பாட, பொறுப்பாக இருந்த பள்ளிக்கூட மாஸ்டர் மூக்கைச் சுளித்தார்.

"உந்த நாத்தத்தை எடுத்துப்போட்டு மல்லிகை எண்டு பாடும்."

"என்ரை மனிசியின்ரை கையில மல்லிகை மணந்தா, நான் வீடு மாறிப் போயிட்டன் எண்டெல்லோ அர்த்தம், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அண்ணை இறங்கிப் போனார்.

விழாவன்று மாஸ்டரின் மருமகன் மல்லிகை போட்டுப் பாடினான். சனம் கைதட்டியது. எனக்கு முன்னால் இருந்த றோசக்கா தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் அருவருக்கிறது.

கல்யாண வீட்டில் கையைக் கழுவிவிட்டு, மேடையில் பாடிய பையனிடம் போனேன். யார் கட்டிய பாட்டென்று கேட்டேன்.

"பழைய பாட்டு, அன்ரி. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், தம்பி. மைக்கை ஒருக்காத் தாரும்."