டவுன் ஹால் பின்சுவர்

போன வாரம் திண்டுக்கல் மார்க்கெட்டில் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பைக்குள் இருந்த போன் அலறியது. என் போன் மட்டுமில்லை. கடைக்காரர் போன், பக்கத்தில் நின்ற பெண்ணின் போன், எதிர்க்கடைக் கல்லாப்பெட்டி மேல் கிடந்த போன், எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே குரலில். மலைப்பகுதியில் கனமழை, எச்சரிக்கையாக இருங்கள் என்று அரசாங்கம் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி அது. மற்றவர்கள் சலித்துக்கொண்டே அதை அணைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்கம்மா, சுகர் இருக்கா?" என்று கேட்டு கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

சுகரும் இருக்கிறதுதான். ஆனால் இது வேறு நடுக்கம். பல இடங்களில் இருந்து ஒரே சமயத்தில் சத்தம் வந்தால் நான் உடனே உட்கார இடம் தேடுவேன். கொடைக்கானலில் பிடித்த வியாதி. இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

நான் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அந்தக் காலத்துப் போனில் நம்பர் போட முடியாது. நீங்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் உங்கள் பெயருக்கு நேராக ஒரு சின்ன மூடி 'டக்'கென்று விழும். நான் ஒரு கயிற்றைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். நீங்கள் நம்பரைச் சொல்ல மாட்டீர்கள், "போஸ்ட் ஆபீஸ் குடு புள்ள" என்பீர்கள். இன்னொரு கயிற்றை அங்கே சொருகுவேன். இவ்வளவுதான் வேலை. இந்த வேலைக்கே நான் முதல் மாதம் முழுக்க நடுங்கினேன். இடி இடித்தால் ஹெட்போனில் பொரி பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உடனே கழற்றி மேஜை மேல் எறிந்துவிடுவேன். எனக்கு சீனியரான ஸ்டெல்லா அக்கா, "ஏ புள்ள, அது கடிக்காதுடி, எடுத்து மாட்டு" என்று சிரிப்பார். இரட்டை நாடி உடம்பு, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாகத் தெரிவார். அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு இடி கொஞ்சம் தள்ளிப்போய் இடிக்கிற மாதிரி இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பஜார் தெருவின் மேல்முனையில், மேட்டு உச்சியில் இருந்தது. ஜன்னலில் நின்றால் தெரு முழுவதும் கீழே படிப்படியாக இறங்குவது தெரியும். இடது பக்கம் போஸ்ட் ஆபீஸ். அதற்குக் கீழே லைப்ரரி. மழைக்காலத்தில் நனைந்த பேப்பரைக் கரி அடுப்புப் பக்கத்தில் காயவைத்துப் படிக்கக் கொடுப்பார்கள் என்பதால் உலகச் செய்திகளில் எப்போதும் புகை வாசனை அடிக்கும். அதற்கும் கீழே டவுன் ஹால். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்டம் பாட்டத்துக்காகக் கட்டியது என்பார்கள். கருங்கல் சுவர், சிவப்புத் தகரக்கூரை. எங்கள் காலத்தில் ஆட்டம் பாட்டமெல்லாம் போய், சொட்டு மருந்து போடவும் ரேஷன் கார்டு கொடுக்கவும் ஓட்டுப் போடவும் ஆனது. ஊரில் எதுவும் இடியலாம், ஹால் இடியாது என்று எல்லோரும் நம்பினோம். அதன் பின்சுவரை ஒட்டியே மலைச்சரிவு நின்றது. யூகலிப்டஸ் மரங்களும் எங்கள் டெலிபோன் கம்பங்களும் அந்தச் சரிவில்தான் நின்றன.

ஹாலுக்கு எதிரே, தெருவின் வலது பக்கம், ஹனீபா பாய் கடை. தைலமும் புதுக் கம்பளியும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நின்றுவிடுவேன். பாய் தினமும் பெரியகுளத்தில் இருக்கும் அண்ணனுக்கு டிரங்க் கால் போடச் சொல்வார். பேசுகிற சத்தத்தில் பெரியகுளத்துக்கு நேராகவே கேட்டிருக்கும், அரசாங்கத்துக்கு எதற்கு வீண் செலவு என்று ஸ்டெல்லா அக்கா சொல்வார்.

எங்கள் வீடு பஜாருக்குக் கீழே ஓடைக்கரையில். நானும் அம்மாவும் மட்டும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். எதற்கும் அஞ்சாதவள், மழையைத் தவிர. சிறு வயதில் தோட்டத்தில் பக்கத்து லயத்தின் மேல், அந்த வரிசை வீடுகளின் மேல், மலை இறங்கியதைப் பார்த்தவள் அவள். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். மழை வலுத்தால் செய்கிற சோலியை அப்படியே போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து எதையோ கேட்பாள். என்ன கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு ஐப்பசியில் மழை விடவே இல்லை. மேல்மலையில் போளூர்ப் பக்கம் ரோடு அறுந்துவிட்டது, பள்ளங்கிக்குப் பஸ் போகவில்லை என்று போர்டில் மூடி விழுந்துகொண்டே இருந்தது. ஓடை எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஓடைக்கரைச் சனம் மொத்தமும் பாயும் சட்டியுமாக டவுன் ஹாலில் ஏறியது. நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அம்மா ஹால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போம்மா, நனையுற."

"செவுத்துக்குப் பின்னால மல நிக்குது புள்ள."

"இது லயம் இல்லம்மா. கருங்கல்லு."

அவள் என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். அப்புறம் குளிர் தாங்காமல் உள்ளே போயிருக்கிறாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருப்பேன். போர்டில் ஒரு வரிசை மூடிகள் சடசடவென்று ஒன்றாக விழுந்தன. போஸ்ட் ஆபீஸ், லைப்ரரி, அந்தப் பக்கத்துக் கடைகள், எல்லாம். ஒவ்வொன்றாகச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்றேன். யாரும் இல்லை. கொரகொரவென்று ஒரு சத்தம் மட்டும்.

ஸ்டெல்லா அக்கா ஜன்னலுக்குப் போனார். "ஏ, இங்க வா" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

ஹாலுக்குப் பின்னால் எங்கள் கம்பம் சாய்ந்து நின்றது. கம்பிகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த மரங்கள் சாயவில்லை. நின்ற வாக்கிலேயே, நடந்து வருகிற மாதிரி, கீழே நகர்ந்தன.



"நான் ஓடுறேன். நீ போன்ல யாரையாச்சும் பிடி" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய அந்தப் பெரிய உடம்போடு ஸ்டெல்லா அக்கா மழைக்குள் இறங்கினார். தெரு தெருவாக இல்லை, ஆறாக ஓடியது. அவர் போய்ச் சேரும்வரை மலை காத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஹாலில் போன் கிடையாது. இடது பக்க லைன் எல்லாம் செத்துவிட்டது. வலது பக்கம் உயிரோடு இருந்தது. பாய் கடை. கயிற்றை எடுத்து அங்கே சொருகி மணி அடித்தேன்.

"பாய், எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுறேன்."

"பெரியகுளமா தாயி? நான் இன்னும் கேக்கவே இல்லயே!"

"பாய், ஹால்ல இருக்கவங்கள வெளிய வரச் சொல்லுங்க. பின்னாடி மலை எறங்குது!"

எனக்குத் தெரிந்து முதல் முறையாக, பாய் மெதுவாகப் பேசினார்.

"ஒங்கம்மா அங்கனதான இருக்கு?"

"ஆமா பாய்."

"லைன்லயே இரு தாயி."

ரிசீவரை மாட்டாமல் பலகை மேல் போட்டுவிட்டு ஓடினார். அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. கடை வாசலில் தண்ணீர் தாண்டுகிற சத்தம். "எல்லாரும் வெளிய வாங்க, வெரசா, சட்டி பானைய விடுங்க!" என்று அந்தப் பெரியகுளத்துக் குரல். பிள்ளைகள் அழுகை. பாத்திரம் உருளும் சத்தம். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா குரல் எங்கே என்று தேடினேன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துத் தேடினேன். அம்மா குரல் இல்லை.

அப்போது ஒரு பெண் சத்தம் போட்டாள்: "அந்தச் சிலோன்காரம்மா எந்திரிக்க மாட்டேங்குது பாய்! ஒக்காந்த எடத்துலயே இருக்கு!"

பாய் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அந்தச் சத்தம் முதலில் போனில் வந்தது. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். அடுத்த மூச்சில் அதே சத்தம் ஜன்னல் வழியாகவும் வந்தது. மேஜை மேல் இருந்த சாப்பாட்டு டப்பா நகர்ந்தது. பிறகு லைனில் மழை மட்டும். "பாய்! பாய்!" என்று கத்தினேன். எழுந்து ஜன்னலுக்குப் போயிருந்தால் பார்த்திருக்கலாம். பார்க்கத் தைரியம் இல்லை. அம்மா இல்லாத ஒரு ஊரை அந்த ஜன்னல் எனக்குக் காட்டிவிடும் என்று பயந்து, போர்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும், குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"யாரு அது உள்ளுக்கு?"

அம்மா அதற்கு முன் போனில் பேசியதே இல்லை.

"அம்மா, நான்தாம்மா."

"நீயா? எங்க இருக்க?" என்றாள். பிறகு அவசரமாக, "ஒனக்குப் பின்னால மல நிக்குதா?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். மேட்டு உச்சி. பின்னால் மேகம்தான் இருந்தது.

"இல்லம்மா."

"அப்ப சரி" என்றாள். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அழுதோம்.

ஹாலின் பின்பாதியை மண் மூடியிருந்தது. ஒருவரும் சாகவில்லை. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்த அம்மாவை பாய் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்திருக்கிறார். வாசல் தாண்டும்போது நிலைக்கல் விழுந்து அவர் கால் முறிந்தது. ஸ்டெல்லா அக்கா போய்ச் சேர்ந்தபோது அவரைக் கடைப்பலகையில் படுக்க வைத்திருந்தார்களாம். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேரட் சீசனிலும் அம்மா முதல் கட்டை அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோவாள். அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வானம் கறுத்தால் மட்டும் அம்மா எழுந்து பாய் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அவர் வியாபாரத்தைப் பார்ப்பார். மழை விட்டதும் திரும்பி வருவாள். சில நாள் நானும் ஸ்டெல்லா அக்காவும்கூட அங்கே போய் ஒண்டியிருக்கிறோம். நாலு பேரும் சரிவையே பார்த்துக்கொண்டு டீ குடிப்போம்.

போன கோடையில் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். பஜார் தெருவில் இறங்கி நடந்தேன். எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்தில் செல்போன் கோபுரம். லைப்ரரியைக் காணோம். பாய் கடை சாக்லேட் கடை ஆகிவிட்டது. அவர் பெரியகுளத்துக்கே போய் அங்கேயே காலமானார். அம்மாவும் போய்விட்டாள். ஸ்டெல்லா அக்கா கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து இறந்தார் என்று கேள்விப்பட்டேன். டவுன் ஹால் நின்ற இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஹோட்டல். அதன் பின்னால், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, சரிவை நேர் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தார்கள். சிவப்பு மண் ஈரமாகத் தெரிந்தது. ஒரு மரம்கூட இல்லை. வெட்டிய மண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குடும்பம் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

பிசுபிசுவென்று தூறல் விழுந்தது. அந்தக் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது? கூட நின்று பயப்படுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று தெருவின் மேலும் கீழும் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.