புள்ளி பத்திரமாக இருக்கிறது

செய்யூர்ப் பக்கம் எங்கள் தெருவில் யார் கேட்டாலும், மகள் சென்னையில் படிக்கிறாள் என்றுதான் அப்பா சொல்வார். நான் இருந்தது கூடுவாஞ்சேரி. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, வாசலில் 'பெண்கள் விடுதி' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'பாதுகாப்பானது'. தண்ணீர் ஒழுங்காக வராது, எங்கள் அறைத் தாழ்ப்பாள் ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை, ஆனால் பாதுகாப்பானது.

அப்பா ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. ஷிப்ட் முழுக்க கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கல்லூரியில் சேர்ந்த அன்று எனக்குப் புது போன் வாங்கிக் கொடுத்து, லைவ் லொக்கேஷனையும் தானே போட்டுவிட்டார். "இத மட்டும் அணைக்காத. நீ எங்க போனாலும் நான் இங்கேருந்தே பாத்துகினு இருப்பேன்" என்றார். பார்த்துக்கொண்டிருப்பதும் காப்பாற்றுவதும் அவருக்கு ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் ஒருமுறை திருட்டுப் போனது. அதையும் அவர் திரையில் ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்திருந்தார்.

அறையில் நாங்கள் நாலு பேர். நாலு வீட்டிலும் இதே ஏற்பாடு. வரைபடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் புத்தி சரியில்லை. ஒருநாள் காலையில் அது எங்கள் அறையை விட்டு எதிர்ச் சந்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே போன் வந்தது.

"இன்னாமா, ஒயின் ஷாப்புல இன்னா பண்றே?"

"பல்லு வெளக்கிகினு கீறேன்பா."

"அங்கயா?"

வாயில் நுரையோடு ஒரு படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கேயாவது போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தாம்பரத்தில் செருப்பு வாங்கப் போனதற்கே மூன்று வீடுகளில் பஞ்சாயத்து நடந்தது.

அதனால் நாங்கள் போன் ட்யூட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்தோம். வாரம் ஒருத்தி அறையில் இருப்பாள். மற்ற மூவரும் போனை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு கிளம்புவோம். குறுஞ்செய்தி வந்தால் 'சாப்ட்டேன்', 'படிக்கிறேன்' என்று அவளே பதில் போடுவாள். யாராவது கூப்பிட்டால், "குளிக்கிறா அங்கிள்." ஞாயிறு பூராவும் நாங்கள் குளித்துக்கொண்டே இருந்தோம். கூடுவாஞ்சேரித் தண்ணீர்ப் பஞ்சத்தில் அதை எப்படி நம்பினார்களோ தெரியவில்லை.

புள்ளி ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று, ட்யூட்டிக்காரி நாலு போனையும் துணிப்பையில் போட்டு வாக்கிங் கூட்டிப் போவாள். மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, திரும்பி அறை. ஒருத்தி பக்தி முற்றிப் பையோடு அம்மன் கோயிலுக்குள் போய்விட்டாள். அப்பா என்னிடம், "கோயிலுக்கெல்லாம் போறியே, சந்தோசம்மா" என்றார். பக்கத்துக் கட்டில்காரி மதுராந்தகத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பாயுடைய மகள். அவளுடைய அத்தா, "கோயில்ல இன்னாம்மா வேல உனக்கு?" என்று கேட்டார். பிரசாதம் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டதாக அவள் சமாளித்தாள். எங்களைவிட எங்கள் புள்ளிகள் நல்ல பெண்கள். நேரத்துக்குத் திரும்பின, சிரிக்கவில்லை, யாரோடும் பேசவில்லை.

இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். பாய் மகள், நான், இன்னொருத்தி. செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். பொரித்த மீன் சாப்பிட்டோம். பாய் மகள் அதற்கு முன் கடலில் கால் வைத்ததில்லை. முதல் அலையில் அலறினாள், அடுத்ததில் சிரித்தாள், அப்புறம் முழுசாக நனைந்தபடி வெளியே வர மாட்டேன் என்று நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தால், ஈர மணலில் ஒருவன் போனை அவளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நகர்ந்தால் போனும் நகர்ந்தது. அவளும் பார்த்துவிட்டாள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"அண்ணா, அத அழிச்சிடுங்க."

"இன்னாத்த? நான் கடலத்தான் எடுத்துகினு கீறேன். கடல் உன்னுதா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த 'அண்ணா' என்ற வார்த்தையையும் எங்களுக்குப் பாதுகாப்புக்கென்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவனையும் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அவனுக்குத் தங்கை பாசம் பொங்கிவிடுமாம். இவனுக்குப் பொங்கவில்லை. அவன் முகத்தைப் படம் எடுக்க என் கை தானாகச் சுடிதார்ப் பையைத் தேடியது. போன் கூடுவாஞ்சேரியில் பத்திரமாக இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் கரையோரம் நின்ற பெண் போலீஸ் ஒருவர் வந்தார். அவனிடமிருந்து போனை வாங்கித் தேடி, அந்த வீடியோவை எங்கள் கண் முன்னால் அழித்தார். நல்ல மனுஷி. பிறகு பாய் மகளைப் பார்த்து, "இவன் வேற யாருக்காச்சும் அனுப்பிக்கீறானான்னு தெரியாது. நீ எழுதிக் குடுத்தா போன புடிச்சி வெச்சி தேடச் சொல்லலாம். வூட்டுக்கு ஒரு போன் போடு, அப்பாவ வரச் சொல்லு" என்று தன் போனை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. வேறு எந்த நம்பர் மறந்தாலும் அத்தா நம்பர் அவளுக்கு மறக்காது. கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும் நம்பர். அந்த மனிதர் கோபக்காரரும் இல்லை. விஷயம் தெரிந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் வந்ததும் முதலில் கேட்கப்போகிற கேள்வி எங்கள் மூவருக்கும் தெரியும். நீ இங்கே எப்படி வந்தாய்? அதற்குப் பதில் சொன்னால் படிப்பு அன்றோடு சரி. ஏற்கெனவே மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாங்க மேடம்" என்றாள்.

"நல்லா யோசிம்மா."

"வேணாம்."

அவன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவசரம்கூடப் படவில்லை. அந்த முதுகை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறைக்கு வந்தோம். ட்யூட்டிக்காரி பெருமையாகப் பையை நீட்டினாள். ஒரு பிசகும் இல்லை, எல்லாருக்கும் பதில் போட்டாயிற்று, ஜெராக்ஸ் கடைக்கும் போய்வந்தாயிற்று. பாய் மகளின் போன் அவள் கைக்கு வந்த உடனே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலைலேர்ந்து பாத்துகினே கீறேம்மா. ஜெராக்ஸ் கடைய தவுர எங்கயும் போவல போல. இப்படித்தான் இருக்கணும். நீ அங்க இருந்தாலும் என் கண்ணு முன்னாலயே இருக்கிற மாதிரி கீது."

"அத்தா" என்றாள்.

"இன்னாம்மா?"

அவள் தலைமுடியில் மணல் இருந்தது. சொல்லலாம்தான். ஆனால் வரைபடத்தின்படி அவள் அன்று ஜெராக்ஸ் கடையைத் தாண்டவே இல்லை. போகாத இடத்தில் ஒருத்திக்கு என்ன நடக்க முடியும்?

"ஒண்ணுமில்லத்தா. தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகும்போது ரயிலில் முகத்தை மறைத்துக் கட்டிக்கொண்டாள். எதிரில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் பெட்டி மாறி ஏறினாள். அடுத்த ஞாயிறு செங்கல்பட்டில் சினிமா போகலாம் என்றோம். போன் ட்யூட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். முறை மாற்றிக்கொள்ளலாம் என்று நாங்கள் மூவரும் சண்டை போட்டுப் பார்த்தோம். கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை அவள்தான் ட்யூட்டி. நாங்கள் போன பிறகு தாழ்ப்பாள் விழாத அந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, மடியில் நாலு போன்களோடு உட்கார்ந்திருப்பாள்.

மதுராந்தகத்தில் அவளுடைய அத்தா கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்த்து நிம்மதியாக இருந்திருப்பார். இப்போது அதில் பொய் எதுவும் இல்லை. புள்ளி இருந்த இடத்தில்தான் அவளும் இருந்தாள்.