ஆளில்லாக் கப்பல்

இன்று திருச்செந்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் போர்க்கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏலே, பெரிய கப்பலெல்லாம் இனிமே வீண்லே. ஒரு ட்ரோன் வந்து முக்கிரும்."

"அப்பம் உள்ள இருக்கவன்?"

"இனி ஆளில்லாக் கப்பல்தாம்லே. எவனும் சாவ வேண்டாம்லா."

நான் முன்னால் குனிந்து, "அது எப்பம்ப்பா வரும்?" என்று கேட்டேன்.

"பத்து வருசத்துல வந்துரும்மா. உங்க வீட்ல யாரும் நேவில இருக்காங்களா?"

"எம் மவன் இருந்தான். போன வருசம் எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சப்பம் போயிட்டான்."

"தெரியாமப் பேசிட்டோம்மா" என்றான் ஒருவன். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே பத்து வருடம் ஆகுமா? கொஞ்சம் முந்தி வரக்கூடாதா? அவனோடு வேலை பார்த்த பிள்ளைகள் இன்னும் அதே கப்பலில்தான் இருக்கிறார்கள்.