மேசையில் ஆடிய கைகள்

மதாம் ஹெலேனா இறந்த செய்தி ஒரு திங்கட்கிழமை காலை தையல் அறைக்கு வந்தது. நடனக் குழுவின் நிர்வாகி கதவருகே நின்று, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த சட்டையின் விளிம்பைத் தைத்து முடித்தேன். பிறகு அடுத்த சட்டையை எடுத்தேன். மாதம் ஒன்றாகியும் அப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துப்போய் இருக்குமே, அந்த மாதிரி.

அவரை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். போன ஆண்டு தேவாலய மண்டபத்தில் நடந்த நம் பிள்ளைகளின் நடன விழாவில், முன்வரிசையில் கம்பளித் தொப்பியோடு இருந்த வெள்ளைக்கார அம்மா அவர்தான். காரம், காரம் என்றபடியே மூன்று இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டவர். யார் இவர் என்று அன்று கேட்டீர்கள். போலந்தில் பிறந்து, வார்சாவில் பாலே கற்று, பாரிசில் பதினைந்து ஆண்டுகள் முன்னணியில் ஆடியவர். இடுப்பு மூட்டுத் தேய்ந்ததும் ஆடுவதை விட்டு, நடனம் அமைப்பவராக மொன்றியலுக்கு வந்தார். இங்கே அவர் அமைத்த நடனங்களுக்கு ஏழு ஆண்டுகள் உடை தைத்தவள் நான்.

முதல் கிழமையே சண்டை. நாள் முழுக்க இருந்து நான் தைத்த சட்டையின் அக்குளை அவர் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பிரெஞ்சும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆகவே அவர் சொன்னவற்றை என் வாயில் வரும் தமிழில்தான் எழுத முடியும். "நிண்டால் வடிவாயிருக்கிற சட்டை எனக்கு வேண்டாம். கையைத் தூக்கேக்க அது மூச்சு விடவேணும்." அடுத்த சட்டைக்கு அக்குளில் தனித்துண்டு வைத்துத் தைத்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடம் அதுதான் பாராட்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பாலேக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அசைவுகளை நினைவுபடுத்தும்போது காலைக் களைக்கவிடாமல், கைகளாலேயே ஆடிப் பார்ப்பார்கள். வலக்கை வலக்கால், இடக்கை இடக்கால். மதாமுக்கு இடுப்பு முடியாததால் முழு நடனமும் கையில்தான் உருவாகும். என் வெட்டுமேசை நீளமானது என்பதால் வியாழக்கிழமைகளில் அங்கே வந்துவிடுவார். எனக்கோ இந்த வழக்கம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் பரதம் படித்தவள். கை அசைந்தால் முத்திரையாகத்தான் என் கண்ணில் படும். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அந்தப் பொம்பிளை ஏன் வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாறா?"

மதாம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொம்பிளையும் இல்லை, வாசலும் இல்லை. இது கால்!" பிறகு அதே அசைவை மெல்ல மறுபடியும் செய்து பார்த்தார். "ஓம், திரும்பித்தான் வாறா," என்றார். "காலைப் பார்க்க எனக்கு நிறைய ஆக்கள் இருக்கினம். நீர் கதையைப் பாரும்." அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் எனக்குத் தையல் வேலை பாதிதான் நடந்தது.

கடைசி வியாழக்கிழமை, புது நடனத்தின் முடிவைச் செய்து காட்டினார். ஒரு பெண் தனியாக ஆடும் இரண்டு நிமிடம். கைகள் மேசை விளிம்புவரை போய் நின்றன. பிறகு வலக்கை மட்டும் புரண்டு, உள்ளங்கை மேலே தெரிய என் பக்கம் கிடந்தது. அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. ஹீட்டர் கூடிவிட்டது என்று நினைத்தேன். நல்ல முடிவு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "திங்கட்கிழமை பிள்ளையளுக்குக் குடுப்பன்," என்றார். அதுதான் அவரோடு கடைசிப் பேச்சு.

ஒத்திகையை வீடியோ எடுக்க அவர் விட்டதே இல்லை. புது முடிவை ஆடும் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. ஆகவே அது என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. வேறொருவரைக் கொண்டு முடித்து, மதாமின் பெயரிலேயே மேடையேற்றலாம் என்று நிர்வாகி சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"உமக்குக் கைதானே தெரியும்? காலைப் பற்றி உமக்கென்ன தெரியும்? பேசாமல் இரும்," என்றார்.

"கையாவது தெரியுதே. நான் சொல்லத்தான் போறன்," என்றேன்.

மறுநாள் ஒத்திகைக் கூடத்தின் நடுவே ஒரு மேசையை இழுத்துப் போட்டு, மதாமின் கைகள் ஆடியதை என் கைகளால் ஆடிக் காட்டினேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பாகத்தை ஆடும் பெண் என் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். மதாமிடம் பல ஆண்டு பழகியவள். நான் தடுமாறிய இடங்களை அவளே பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வந்ததும் நின்றுவிட்டாள். கால் அப்படிப் புரளாதே.

"இதுவும் ஆட்டமா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

நடனம் மேடையேறிய அன்று அவள் மேடை விளிம்புவரை வந்து, தரையில் அமர்ந்து, வலக்கையைத் திறந்து வைத்தாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நான் எழவில்லை. அழுகையும் வரவில்லை.

அவரைக் கண்ட உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அது ஆட்டம்தானா என்று எனக்குத் தெரியாது. கால் எப்படிப் புரளும், எப்படிப் புரளாது என்று வாழ்நாள் முழுக்க அறிந்தவர் அவர். நெஞ்சு வலித்து, பிடி என்று என்னிடம் நீட்டிய கையாக இருக்கலாம். நான் பிடிக்கவில்லை. முத்திரை பார்த்துக்கொண்டு நின்றேன். மதாமிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கைதான். என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் கிடந்தது.