கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவர்

கல்லூரி முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருடம், சம்பளமே இல்லாத ஒரு வேலைக்கும் மனுப் போட்டேன். வீடியோ கேம்களைப் பற்றி எழுதும் இணையதளங்கள் அப்போது நிறைய இருந்தன. எழுதத் தன்னார்வலர்கள் தேவை என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். காசு கிடையாது, பெயர் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மதுரையில், எங்கள் விளாங்குடியில் பஸ் ஏறிக் காளவாசலில் இறங்கினால், ஒரு மருந்துக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பலகைத் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள். அதை நடத்தியவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

பல தளங்கள் பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் போட்டது. அதன் ஆசிரியர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பழைய இணைய விளையாட்டின் முகவரியைக் கொடுத்திருந்தார். யாரும் இப்போது அதை ஆடுவதில்லை, ஆனால் இன்னும் மூடவும் இல்லை. உள்ளே போய், அதில் வரும் ஊர் இப்போது எப்படிக் கிடக்கிறது என்று பார்த்து எழுதினால், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே போனேன். விளையாட்டுக்குள் நுழைய ஒரு பெயர் கேட்டது. வீட்டில் என்னைக் கூப்பிடும் செல்லப்பெயரைக் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அந்தப் பெயரும் அந்தப் பேச்சில் உள்ளதுதான்.

உள்ளே ஒரு கடைத்தெரு. கடைகள் திறந்திருந்தன, விளக்குகள் எரிந்தன, ஆள் இல்லை. ஹெட்போனில் என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. நடப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றது. தெருக்கோடியில் ஒரு கிணறு. அதன் மேட்டில், தலையில் துணி சுற்றிய ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பொம்மை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பார்த்ததைத் திரையிலேயே இன்னொரு ஜன்னல் திறந்து அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மறுபடி விளையாட்டுக்கு வந்தால், திரையின் அடியில் ஒரு வரி நின்றது. ஆங்கில எழுத்துகள், ஆனால் ஆங்கிலம் இல்லை. வாய்விட்டு வாசித்த பிறகுதான் புரிந்தது. சாப்பிட்டாயா என்று எங்கள் வீட்டுப் பேச்சில் கேட்டிருந்தது.

அந்தப் பேச்சை நான் காதால் கேட்டு வளர்ந்தவள். எழுத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. யாரோ பின்னால் வந்து என் கழுத்தில் மூச்சு விட்டது மாதிரி இருந்தது. என் செல்லப்பெயரைப் பார்த்து நம் ஆள் என்று கண்டுகொண்ட யாரோ என்று சமாதானம் செய்துகொண்டேன். இன்னும் இல்லை என்று அடித்தேன். நீங்கள் யார் என்றும் கேட்டேன்.

 அதே பேச்சில் இன்னொரு வரி வந்தது. ‘கரண்டு போகப் போகிறது. எழுதியதை அனுப்பிவிடு.’

எங்கள் பக்கம் மதியம்தான் கரண்டு போகும். காளவாசலில் இருக்கிறேன் என்றோ, மதுரையில் இருக்கிறேன் என்றோ நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் ஏன் என்று தெரியாமல், அவர் பேசியதையும் இரண்டு வரி சேர்த்துக் கட்டுரையை அனுப்பினேன். போய்விட்டது என்று திரை சொன்னது. உடனே மின்விசிறி நின்றது.

எழுந்து ஒவ்வொரு தடுப்பாக எட்டிப் பார்த்தேன்.

“அண்ணே, வேற யாராச்சும் கேம் ஆடுனாங்களா?”

“இல்லையேம்மா. நீயும், ரிசல்ட் பாக்க வந்த அந்தப் பிள்ளையுந்தான். ஏன் மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?”

“கரண்டு மதியந்தானேண்ணே போகும்?”

“நேரத்த மாத்திட்டாய்ங்க போல. நமக்கு யாரு சொல்றா?”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இணையமும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கள் பேச்சில், “நீ பதில் சொன்னியா?” என்றாள்.

“சொன்னேன்.”

“சொல்லியிருக்கக் கூடாது,” என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

அந்த வாரமே ஆசிரியர் எழுதினார். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கிணற்றடி ஆளைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டார்கள். நல்ல கற்பனைதான், ஆனால் எங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும் என்று சொன்னார். கற்பனை இல்லை என்று நான் வாதாடியதால், அங்கே எழுதும் இன்னொருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: அந்த ஆள் இருக்கிறார்; அந்த விளையாட்டில் வரும் எல்லா ஊரிலும், எல்லாக் கிணற்றடியிலும் இருக்கிறார். அழகுக்காக வரைந்து வைத்த பொம்மை. திரும்பாது, பேசாது. அதை யாரும் இயக்கவும் முடியாது.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவர்களுக்காக ரொம்ப நாள் எழுதினேன். பந்தய விளையாட்டு, பந்து விளையாட்டு என்று சத்தமும் கூட்டமும் உள்ளதாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம், எழுத வேறு எதுவும் இல்லாதபோது, அந்த ஊருக்குள் மறுபடி போனேன். அதே கடைகள், அதே விளக்குகள். அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றி வந்து பார்த்தேன், திரும்பவில்லை. பக்கத்தில் போய் நின்று, நான் வந்திருக்கிறேன் என்று எங்கள் பேச்சில் அடித்தேன். அந்த வரி கொஞ்ச நேரம் திரையில் நின்று மங்கிப்போனது. இன்னொரு முறை அடித்தேன். எனக்குப் பயம் வரவில்லை. அவர் பேச வேண்டும் என்று இருந்தது.

“கடைய அடைக்கப் போறேம்மா,” என்று அண்ணன் வந்து சொல்கிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.