ஜகதாம்பாள் விட்ட பறக்கும் தட்டு

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஆடி மாதம் ஸ்ரீராம்புரத்தின் மேலே பறக்கும் தட்டு வந்தது என்று பெங்களூரே பேசிக்கொண்டது. பார்த்தவர்கள் எத்தனையோ பேர். விட்டவள் ஒருத்திதான். அவள் என் பக்கத்து வீட்டு ஜகதாம்பாள். பேப்பர்காரர்கள் அவளைப் பற்றி எழுதிய லட்சணத்தைப் பார்த்த பிறகு, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் டோரதி, தையல்காரி. எழுத்து கோணலாக வந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஜகதாம்பாளுக்கு மில்லில் நூல் சுற்றும் வேலை. புருஷன் முனிரத்தினம் கார்ப்பரேஷனில் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். தங்கமான மனுஷன்தான். ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற வியாதி அவருக்கு முற்றிப்போயிருந்தது. பிள்ளை அழுதாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அழச் சொல்வார்.

அவளுக்கோ சின்ன வயசிலிருந்தே காத்தாடிப் பைத்தியம். காட்டன்பேட்டையில் அண்ணன் தம்பிகளின் காத்தாடிகளையெல்லாம் அறுத்துத் தள்ளினவள். வயசுக்கு வந்த அன்றைக்கு நூல்கண்டைப் பிடுங்கிப் பரணில் போட்டார்கள். பொம்பளைக்கு எதற்குக் காத்தாடி? கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அந்த ஆடியில் காற்று வீட்டுக் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்தபோது, அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, கை ஊறுது. யாருக்கும் சொல்லாதே" என்றாள் என்னிடம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மொட்டை மாடி. முனிரத்தினம் சாயங்காலத் தண்ணீர் திறக்கப் போனதும் மேலே ஏறிவிடுவாள். வெளிச்சம் இருந்தால் தெரு பார்த்துவிடும்; இருட்டினால் அவளுக்கே காத்தாடி தெரியாது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காத்தாடி மேலே ஏறி நின்றதும், அதன் நூலில் ஒரு காகித விளக்கைக் கட்டி, மேலும் நூலை விட்டு அனுப்புவாள். வெளிச்சம் இருக்கிற இடத்தை வைத்துக் காத்தாடி எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்வாள். விளக்கு என் கைவேலை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கிய ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள். உள்ளே எங்கள் கோயில் உபதேசியார் கொடுத்த மெழுகுவர்த்தித் துண்டு. மாதா பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்தி. அணையவே அணையாது என்று அவளிடம் ஜம்பமடித்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காற்று அபாரம். விளக்கு நட்சத்திரத்தோடு நட்சத்திரமாகப் போய் நின்றது. ரொம்ப நேரம் அசையவில்லை. அப்புறம் காற்று மாறி, ஒரே இழுப்பில் மேற்கே பாய்ந்தது, தலைகீழாக விழுந்தது, அணைந்தது. மாதா மெழுகுவர்த்தி என் மானத்தை வாங்கிவிட்டது. கீழே தெருவில் யாரோ கத்துவது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தோம்.

மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் முதல் பக்கம்! 'பெங்களூரில் பறக்கும் தட்டு.' கன்டோன்மெண்ட்டில் இதற்கென்றே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். அதன் செயலாளர் ஹெர்பர்ட் என்பவர், அது மூன்று மைல் உயரத்தில் நின்றது என்றும், ஐம்பது அடி அகலம் என்றும், அப்படித் திரும்பக்கூடிய வாகனம் இந்தப் பூமியிலேயே கிடையாது என்றும் அடித்துச் சொல்லியிருந்தார். நான் படித்துச் சொல்லச் சொல்ல ஜகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கடுத்த நாள் எங்கள் தெருப் பால்காரி லட்சுமம்மாவும் பேப்பரில் வந்தாள். "அய்யோ தேவரே, ஜன்னல் இருந்துச்சு கணப்பா! மூணு மொகம் எட்டிப் பாத்துச்சு. ஒருத்தனுக்கு மீசை!" என்று கன்னடமும் தமிழுமாக நிருபரிடம் சத்தியம் செய்திருந்தாள். மீசையும் அச்சில் ஏறியது. ஐம்பது அடி இப்போது நூறு அடியாகியிருந்தது.

அன்றைக்கு ஜகதாம்பாள் சிரிக்கவில்லை. குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அது நான் விட்ட காத்தாடி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். குழாயடியே கொல்லென்று சிரித்தது. லட்சுமம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

என் வீட்டுக்குள் வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "செவ்வாய் கிரகத்துல இருந்து எவனோ வந்து விட்டான்னா நம்புறாங்க. பக்கத்து வீட்டு ஜகதாம்பா விட்டான்னா நம்ப மாட்டேங்கிறாங்களே, அக்கா! பொறந்ததுல இருந்து நான் ஒழுங்கா செஞ்ச ஒரே காரியம் அது. அதையும் எவனுக்கோ குடுத்துட்டாங்க."

தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

நல்ல வேளையாக அன்று சாயங்காலமே ஹெர்பர்ட் எங்கள் தெருவுக்கு வந்தார். கழுத்தில் பைனாகுலர், கூடவே பேப்பர் நிருபர். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய் நின்றாள் ஜகதாம்பாள்.

"சார், அது காத்தாடி. நான்தான் விட்டேன்."

ஹெர்பர்ட் மரியாதைக்காரர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாரும்மா, காத்தாடி அவ்ளோ ஹைட்ல ஸ்டெடியா நிக்காது. லைட்டு வேற. இம்பாசிபிள். ஆம்பளைங்களாலயே முடியாது."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ராஜாஜிநகர் பக்கத்து மைதானத்துக்கு வா சார். நிக்குதா நிக்கலையான்னு பாரு."

நிருபருக்குக் குஷி தாங்கவில்லை. மறுநாளே பேப்பரில் போட்டுவிட்டான்: தட்டா, காத்தாடியா?

முனிரத்தினம் குதித்த குதியைக் கேட்க வேண்டுமே! சுவருக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷினே நின்றுவிட்டது. "மானத்த வாங்கிட்டியேடி! இனிமே நான் எந்தத் தெருவுல போய்த் தண்ணி தொறப்பேன்?"

"யோவ், நான் என்ன திருடினேனா?"

கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "சரி, போ. ஆனா அது ஏறலேன்னா, அந்த நூல்கண்ட நானே அடுப்புல போடுவேன். அப்புறம் சாகுற வரைக்கும் காத்தாடின்னு வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றாள். ஒரே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம். கடலைக்காரன், ஐஸ்காரன், விசிலடிக்கிற மில் பையன்கள், ஹெர்பர்ட்டின் சங்கத்து ஆட்கள், நாற்காலி கொண்டுவந்த துரைசானிகள்கூட. எல்லாம் இருந்தது, காற்றைத் தவிர. ஒரு இலை அசையவில்லை. ஹெர்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஜகதாம்பாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். எனக்கோ பயத்தில் ஜெபமாலை கையில் வழுக்கியது.

பொழுது சாயும் நேரத்துக்கு மேற்கேயிருந்து காற்று புறப்பட்டது. அவள் எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். காத்தாடி எழும்பியது, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு போனது, ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் குத்தியது. கூட்டம் ஓவென்று கூவியது. இரண்டாவது தடவையும் அப்படியே. "செவ்வாயில இருந்து ஆள கூப்பிடுங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

"வால் பத்தல. அக்கா, கத்திரி இருக்கா?"

தையல்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? எடுத்து நீட்டினேன். கட்டியிருந்த தீபாவளிப் புடவையின் முந்தானையைப் பிடித்து, "இந்தக் கரையோட வெட்டு" என்றாள். மனசு வரவில்லை, வெட்டினேன். புதுசாக நீள வால் கட்டினாள். இனிக் காத்தாடியைத் தூரத்தில் தூக்கிப் பிடித்து விட ஓர் ஆள் வேண்டும். நான் விளக்கைக் கையில் வைத்திருந்தேன். "யாராச்சும் புடிங்கப்பா" என்றாள். ஒருவனும் வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவனும்!

பின்வரிசையில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தபடி ஒரு ஆள் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவன், "இவ புருஷன் எவன்டா, புடவ கட்டிக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கானா?" என்றான். துண்டு கீழே விழுந்தது. முனிரத்தினம்!

"நான்தான்டா புருஷன்!" என்று அவன் நெஞ்சைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மண்ணில் கிடந்த காத்தாடியை எடுத்தார், துடைத்தார், பின்பக்கமாகவே நடந்து போய்த் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இழுடி, ஜகதா!"

இழுத்தாள். ஐயோ, அந்த ஏற்றத்தை நான் எப்படிச் சொல்வேன்! வால் நேராக நின்றது, நூல் விறுவிறுவென்று ஓடியது, கூட்டத்தின் கழுத்தெல்லாம் ஒன்றாக மேலே போனது. நான் மெழுகுவர்த்தியை ஏற்றி விளக்கை நூலில் கட்டினேன். அவள் நூலை விட விட, அது ஆடாமல் அசையாமல் ஏறி, மைதானத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் நின்றது. அப்புறம் விசில் கிளம்பியது பாருங்கள், எனக்குக் காது அடைத்துப்போனது. லட்சுமம்மா ஓடி வந்து ஜகதாம்பாளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மீசை வைத்தவனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதே நேரத்தில் மல்லேஸ்வரத்திலிருந்து பேப்பர் ஆபீசுக்கு டெலிபோன் மேல் டெலிபோனாம்: பறக்கும் தட்டு மறுபடி வந்துவிட்டது என்று!

நிருபர் பென்சிலை எடுத்து, "மிஸஸ் முனிரத்தினம்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்ல. ஜகதாம்பாள்! ஜகதாம்பாள்னு எழுது!" என்று கத்தியது அவள் இல்லை, முனிரத்தினம்.

பேப்பரில் வந்தது. செவ்வாய்க்காரனுக்கு முதல் பக்கம் கொடுத்தவர்கள், இவளுக்கு ஐந்தாம் பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். நான் அந்தப் பேப்பர்காரனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். முனிரத்தினமோ அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் திறக்கப் போகிற தெருவிலெல்லாம் நீட்டிக் காட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் மொட்டை மாடியில் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான், அதுவும் பட்டப்பகலில்.

ஹெர்பர்ட் மட்டும் விடவில்லை. அன்றைக்கு மைதானத்தில் கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து கைகொடுத்தார். "ஒண்டர்ஃபுல், அம்மா. இன்னிக்கு வந்தது உங்க காத்தாடிதான், ஒத்துக்கறேன். ஆனா திங்கக்கிழமை வந்தது நிஜமான தட்டு. அதுல டவுட்டே இல்ல."

ஜகதாம்பாள் நூலைச் சுற்றிக்கொண்டே மேலே பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும் சார். அடுத்த ஆடிக்கும் அவன வரச் சொல்லு. மாஞ்சா போட்டு வெக்கிறேன், அவனையும் அறுத்துக் காட்டுறேன்."